பண்ணைக்காரி கேட்ட கேள்விகள்

“யாரு கிட்னி?”

அந்த அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் மாற்றிய பிள்ளைகளைப் பார்க்கும் நாள் அது. என் மகள் மாரிக்கு அப்போது பத்து வயசு. ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம். பெஞ்சில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அந்தக் கோடியில் ஒருத்தர் தும்மினால் இந்தக் கோடியில் நான் முந்தானையால் அவள் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன்.

“என்னுதுதான்” என்றேன்.

“எந்தப் பக்கம்?”

“எடது.”

“எனக்கும் எடதுதான் தாயி. நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல ஒக்காந்தா பெஞ்சு வலது பக்கமா சாஞ்சுரும்” என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய மகன், ஒன்பது வயசுப் பயல், வாய்க்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பெஞ்சுக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தான். “ஏலே, மூஞ்சிய மூடுலே. அம்மா கிட்னி ஒண்ணுதான் பாக்கி இருக்கு, அதையும் கேட்டுறாத” என்றாள்.

அவள் பேரை நான் எழுதவில்லை. ஒருத்தர் பேரை அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது. கேட்கலாம் என்றால் இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. ஊர் ஏழாயிரம்பண்ணை. அதனால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பண்ணைக்காரி. எனக்கு அக்கா. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்போம். அவள் அங்கே சரவெடி பின்னுகிறவள். நான் விஸ்வநத்தத்துப் பக்கம் ஒரு பயர் ஆபீசில் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிறவள்.

அக்காவுக்குக் கேட்காமல் இருக்கத் தெரியாது. கண்டக்டரிடம், “மாட்டுத்தாவணிக்குள்ள போவீகளா, வெளியவே எறக்கிவிட்டுருவீகளா?” என்பாள். பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணிடம், “ஏத்தா, எத்தனாவது மாசம்?” என்று ஒருநாள் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு மாசமே இல்லை. வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருந்தது. அக்கா கூசவேயில்லை. “அப்ப சுகர் பாத்தீகளா?” என்று அடுத்ததைக் கேட்டாள்.

டாக்டரிடமும் அப்படித்தான். அவர் நல்ல மனிதர், ஆனால் பேச்சு எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி. எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் ஓடி, கடைசியில் “சரியா?” என்று வந்து நிற்கும். நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம். அக்கா ஆட்ட மாட்டாள்.

“சார், நீங்க பேசுனதுல ‘சரியா’ங்கிறது மட்டுந்தான் எனக்கு வெளங்குச்சு. அதுக்கு முன்னாடி என்ன சொன்னீக?”

டாக்டர் சிரித்துவிடுவார். திரும்ப முதலிலிருந்து சொல்வார். அந்த இரண்டாம் தடவையில்தான் எனக்கும் புரியும். உடம்புக்குள் வைத்த சிறுநீரகம் வெளியூர் ஆள் மாதிரி, உடம்பின் காவல்காரர்கள் அதை விரட்டப் பார்ப்பார்கள், அவர்களைத் தூங்கவைக்கத்தான் காலை ஏழு மணிக்கும் ராத்திரி ஏழு மணிக்கும் இரண்டு மாத்திரை, காவல் தூங்குவதால் மற்ற சீக்கும் சுலபமாக உள்ளே வந்துவிடும் என்பதெல்லாம் அக்கா கேட்டு நான் தெரிந்துகொண்டது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைக் கேட்டால், “இதுகூடத் தெரியாதா?” என்று திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். அதனால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். வந்த பிறகு, அவர் சொன்னது என்ன, நான் புரிந்துகொண்டது என்ன என்று அடுத்த மாதம் வரைக்கும் மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருப்பேன். அக்கா என்னைக் கேலி செய்வாள். “வாய என்ன வாடகைக்கா வாங்கிருக்கோம்? நம்ம சொந்த வாயிதான? கேட்டுப்புடணும் தாயி. கேட்டு அசிங்கப்பட்டா ஒரு நிமிசம். கேக்காம விட்டா நீ ஒரு மாசம்ல உருட்டுறே!”

அவள் கேள்விகள் எல்லாமே எனக்குப் பிடித்தன என்று சொல்ல முடியாது. ஒரு தடவை பஸ் நிறைய ஆள் இருக்கும்போது, “ஏன், ஓன் வீட்டுக்காரரு குடுக்க மாட்டேன்னுட்டாரா?” என்றாள்.

“அவரு மூட்டை தூக்குறவரு அக்கா. பேப்பர் குடோன்ல லோடு.”

“நீ என்ன, ஆபீசுல பூவா கட்டுறே?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. அவள் கேட்டது தப்பு என்பதால் இல்லை. அதே கேள்வியை நான் வீட்டில் கேட்காமல் விட்டதால்.

இன்னொரு நாள், டாக்டர் அறையில் யாரும் கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்டாள். “சார், இந்தக் கிட்னி எத்தனை வருசத்துக்கு ஓடும்? ஓஞ்சு போச்சுன்னா அடுத்தது கெடைக்குமா?” பெஞ்சில் இருந்த அம்மாமார்கள் காதைப் பொத்தாத குறை. பிள்ளைக்குப் பிள்ளை மாறும், இன்னொன்று வைக்க முடியும், ஆனால் முதல் சிறுநீரகத்தை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள், மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்பதையெல்லாம் அப்போது பார்ப்போம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா தன் மகனுடைய ஃபைலை முந்தானையால் துடைத்தாள். “கேட்டியா? இந்த ஃபைலு சுத்தமா இருக்கணும். நம்ம பிள்ளைகளுக்கு இதான் நன்னடத்தை சர்ட்டிபிகேட்டு.”

அது எனக்குள் ஈட்டி மாதிரி இறங்கிவிட்டது. அன்றிலிருந்து டாக்டர் அந்த ஃபைலில் ஏதாவது எழுதினாலே பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு கொரானா வந்தது. பஸ் நின்றது, ஆபீஸ் பூட்டினார்கள். எனக்கு ஒரே கவலைதான், மாத்திரை தீர்ந்தால்? நான் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது அக்கா போலீஸ்காரரைக் கேட்டு, பால் வண்டிக்காரரைக் கேட்டு, மதுரை மருந்துக் கடைக்காரரிடம் போனில் கேட்டு, இரண்டு பிள்ளைகளுக்குமான மாத்திரையை ஒரே பொட்டலமாக வரவழைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் சைக்கிளில் விருதுநகர் வரைக்கும் போய் வாங்கிவந்தார். பொட்டலத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதிலும் கேள்விதான். ‘எண்ணிப் பார்த்தாயா?’

பெரியவர்களுக்குக் கொரானா தடுப்பூசி வந்தபோது, எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது என்றார்கள். அக்கா ஒரு திங்கட்கிழமை சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போய்விட்டாள். அங்கே இருந்த அலுவலரிடம், “எம் மகனுக்குப் போட மாட்டீக. சரி. அவனச் சுத்தி இருக்கிறவுகளுக்கு எல்லாம் போட்டுருங்க. எங்க ஆபீசுக்கு, எங்க தெருவுக்கு, எங்க வேனுக்கு” என்றாளாம். அவர், “எத்தனை பேரும்மா?” என்றாராம். “அவன் மேல மூச்சு விடுறவுக அம்புட்டுப் பேரும்” என்றாளாம்.

முகாம் வந்தது. ஆனால் ஊசிக்குப் பயந்து ஆட்கள் ஓடினார்கள். அக்கா காலையில் ஆபீஸ் வேன் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தரையும் கேட்டாளாம். “போட்டுட்டீகளா? எப்பப் போட்டீக?” வேன் டிரைவர் கும்பிட்டே விட்டாராம். “தாயே, நான் ரெண்டு தடவ போட்டுட்டேன். வண்டிய எடுக்கவா?”

என்னிடமும் போனில் கேட்டாள். எனக்கு ஒற்றைச் சிறுநீரகம். ஊசி அதை ஏதாவது செய்துவிட்டால் என்கிற பயத்தில் நான் போடவில்லை. “போட்டாச்சுக்கா” என்றேன்.

“எந்தக் கையில?”

நான் ஒரு நொடி யோசித்தேன். அவ்வளவுதான். “யோசிக்கியே! நாளைக்கே போய்ப் போடு. போட்டுட்டு எந்தக் கைன்னு சொல்லு” என்று வைத்துவிட்டாள். மறுநாள் போட்டேன். இடது கை.

அந்த இரண்டாம் அலையின் கடைசியில்தான் மாரிக்குக் காய்ச்சல் வந்தது. கொரானாதான். வார்டில் பிள்ளைக்கு ஒருத்தர் மட்டும் கூட இருக்கலாம். அந்தப் பதினோரு நாளும் அக்கா தினமும் போன் பண்ணினாள். “நல்லாருக்கா” என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். “அதென்ன நல்லாருக்கா? ஒண்ணுக்கு எம்புட்டுப் போனா? வெரல்ல மாட்டுற கருவில எம்புட்டுக் காட்டுது? சளி இருமலா, வறட்டு இருமலா?” எரிச்சலாக வரும். ஆனால் அவள் கேட்பாளே என்று நான் பார்த்துவைப்பேன். பார்த்துவைத்ததை நர்சிடம் சொல்வேன். ஒருநாள் சிறுநீர் குறைந்திருந்தது. அப்படிச் சொன்னதால்தான் உடனே கவனித்தார்கள்.

அந்த வார்டில் டாக்டர் இன்னொன்று செய்தார். இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்திவைத்தார். தூங்குகிற காவலில் கொஞ்சம் எழுந்தால்தான் கொரானாவை எதிர்க்க முடியும் என்றார். காய்ச்சல் விட்ட பிறகு திரும்ப ஆரம்பித்தார். மாரி பிழைத்துவிட்டாள். நான் அதை மனசில் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புத்தான் என்னைக் கெடுத்தது.

பன்னிரண்டு வயசு ஆன பிள்ளைகளுக்கும் ஊசி போடலாம் என்று சொன்னபோது மாரிக்குப் பதிமூன்று. அக்கா மகனுக்குப் பன்னிரண்டு ஆக இன்னும் ஏழு மாதம் இருந்தது. டாக்டர் மாரிக்குப் போடச் சொல்லிவிட்டார். சந்தேகம் இருந்தால் போன் பண்ணுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு அக்கா வரவில்லை. அவளுக்கு அடுத்த வாரம்தான் முறை.

வீட்டுக்கு வந்து உருட்ட ஆரம்பித்தேன். ஊசி காவலுக்குப் பாடம் சொல்லித் தருகிறதாம். காவல்தான் தூங்குகிறதே. தூங்குகிறவனுக்குப் பாடம் சொன்னால் ஏறுமா? கொரானா வந்தபோதே டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். ஊசியும் கொரானாவின் சாயல்தானே? எங்கள் ஆபீசில் ஒரு முறை இருக்கிறது. ஓர் அறைக்குள் ஒரு நேரத்தில் ஒரு கலவைதான். அடுத்த கலவை வருகிறதென்றால், முந்தினதை ஒரு பொட்டு இல்லாமல் வெளியேற்றி, தரையைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, ஆளும் வெளியே நின்று, பிறகுதான் புதுசு உள்ளே வரும். மாற்றிச் செய்தால் அறையே இருக்காது. இருபது வருசமாக அந்த முறைதான் என் கையை, கண்ணை, உயிரை வைத்திருக்கிறது. அதைத்தான் நான் என் பிள்ளை உடம்புக்கும் செய்தேன். ஊசிக்கு முந்தின நாள், ஊசி போட்ட நாள், அதற்கு மறுநாள். மூன்று நாளும் இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்.

“அம்மா, மாத்திர?” என்று மாரி கேட்டாள்.

“டாக்டர் சொல்லிருக்காரு” என்றேன்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு எப்போதும் பயம்தான். எந்தப் பயம் பொய், எந்தப் பயம் நிஜம் என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் காலையில், மாத்திரை நேரத்துக்கு முன்னாலேயே அக்கா போன் பண்ணினாள். தன் மகனுக்குப் போடும்போது உதவும் என்று விவரம் கேட்டாள். “எந்தக் கையில போட்டாக? வீங்குச்சா? காய்ச்சல் வந்துச்சா? மாத்திரைய ஊசிக்கு முன்னக் குடுத்தியா, பொறவு குடுத்தியா?”

நான் மாத்திரை டப்பாவைத் திறந்து மூடினேன்.

“ஏத்தா, கேக்குறேம்ல?”

சொன்னேன். போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அந்த அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்த நேரம் எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

“வையி. ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வாறேன்” என்றாள். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள். “இப்பவே மாத்திரையக் குடுத்துட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு ஒடனே வரச் சொல்றாக. நானும் சாத்தூர் போய் வாறேன். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல நில்லு. ஃபைல எடுத்துக்கோ.”

ஃபைல் என்றதும்தான் எனக்கு அடுத்த பயம் வந்தது. விருதுநகரிலிருந்து மதுரை வரைக்கும் நான் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். “அக்கா, எழுதிருவாகளா? அம்மாக்காரி மாத்திரை குடுக்கலன்னு எழுதிட்டா, நாளைக்கு இவளுக்கு அடுத்தது வேணும்னா தர மாட்டாகளே. எங்கிட்டக் குடுக்கவும் இன்னொண்ணு இல்லயே.” மாரி ஜன்னல் பக்கம் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அக்கா என் மடியில் இருந்த ஃபைலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தன் மகனை யாரிடம் விட்டுவிட்டு வந்தாள் என்றுகூட நான் கேட்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கணக்கு ஒன்று உண்டு, கிரியாட்டினின். மாரிக்கு எப்போதும் ஒன்றில் இருக்கும். அன்றைக்கு இரண்டைத் தாண்டியிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மூணு நாளா? ரெண்டையுமா? யார் நிறுத்தச் சொன்னது?”

நான் மேஜைமேல் இருந்த ஃபைலைப் பார்த்தேன்.

“நாந்தான் சார் சொன்னேன்” என்றாள் அக்கா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“நீங்களா? நீங்க என்ன டாக்டரா?” அந்த டாக்டர் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. கதவு திறந்துதான் இருந்தது. பெஞ்சில் இருந்த அம்மாமார்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “கேள்வி கேக்கிறீங்களே, விவரமான ஆளுன்னு நெனச்சேனே! கேட்டது பாதி, கேக்காதது பாதின்னு ஊருக்கு வைத்தியம் சொல்லிட்டுத் திரியிறீங்களா? ஒரு பிள்ளையோட கிட்னி போகப் பாத்துச்சே!”

“தப்புத்தான் சார். அந்தப் புள்ளைக்கு வெவரம் பத்தாது. நான் சொன்னதக் கேட்டுச்சு.”

நான் பேசவில்லை. அந்த இடத்தில் நான் செய்தது அவ்வளவுதான்.

மாரியை வார்டில் சேர்த்தார்கள். மூன்று நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அந்தக் கணக்கு இறங்கியது. ஆனால் பழையபடி ஒன்றுக்கு இறங்கவில்லை. ஒன்று புள்ளி நாலில் நின்றுவிட்டது. வார்டில் முதல் நாள் சாயங்காலம் மாரி என் பக்கம் திரும்பி, “அம்மா, அந்தப் பெரியம்மா உங்கிட்ட நிறுத்தச் சொல்லவே இல்லயே” என்றாள்.

“பேசாமப் படு” என்றேன்.

மூன்றாம் நாள் அக்கா பார்க்க வந்தாள். வார்டு வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவள் கையை உதறினாள்.

“எதுக்கு அழுவுறே? அவரு என்னையத் திட்டுனாரு, எம் மகன் ஃபைலயா திட்டுனாரு? எம் பேச்சுக்கு ஃபைலு கெடையாது தாயி. ஓம் பிள்ளை ஃபைலு சுத்தமா இருக்கு. அதோட விடு.” பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். “எங்கிட்டக் கேக்கணும்னு ஒனக்குத் தோணவே இல்லயா?”

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தோன்றியது. எடுத்த போனை இரண்டு தடவை வைத்தேன். அவளும் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன்.

அக்கா நினைத்த மாதிரி அது அதோடு விடவில்லை. அடுத்த மாதம் அவள் வந்து உட்கார்ந்ததும் பெஞ்சில் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து தள்ளிப் போனாள். இன்னொருத்தி என் காதில், “இவ பேச்சக் கேட்டுத்தான ஒம் பிள்ளைக்கு அப்பிடி ஆச்சு? நீ எப்பிடி இவகூட ஒக்காந்திருக்கே?” என்றாள். நான் எழுந்து போகவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே அக்கா வழக்கம்போல ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். டாக்டர், “நான் சொல்றத மட்டும் செய்ங்கம்மா, போதும்” என்றார். அவள் “சரி சார்” என்று தலையாட்டினாள்.

மகனுக்குப் பன்னிரண்டு ஆனதும் அவனுக்கும் ஊசி போட்டுவிட்டாள். மாத்திரையை ஒரு வேளை தவறவிடவில்லை. அதற்குப் பிறகு அவள் பஸ்ஸிலும் அதிகம் பேசுவதில்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு மாதம் அவளுடைய முறைக்கு அவள் வரவில்லை. திருநெல்வேலியில் தங்கச்சி இருக்கிறாள், பிள்ளையை அந்தப் பக்கம் காட்டுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். போன் நம்பர் மாறிவிட்டது. ஏழாயிரம்பண்ணைக்கு ஒரு பஸ் ஏறினால் விசாரித்துவிடலாம். ஏறவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன மாதம் மாரியோடு மதுரைக்குப் போயிருந்தேன். அவளுக்கு இப்போது பதினேழு. கணக்கு ஒன்று புள்ளி ஒன்பதுக்கு ஏறிவிட்டது. அடுத்த சிறுநீரகத்தைப் பற்றி இப்போதே யோசிக்கலாம், பேர் பதிவதற்கு ஃபைலை எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பழைய டாக்டர் மாறிப் போய்விட்டார். புதிதாக ஓர் அம்மா வந்திருக்கிறார். பெஞ்சில் பழைய முகம் ஒன்றுகூட இல்லை.

பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயசு இருக்கும், சாத்தூர்ப் பக்கம் என்றாள். மடியில் ஐந்து வயசுப் பிள்ளை. சிறுநீரகம் வைத்து ஆறு மாதம். இப்போது கொரானா என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடுப்பூசியாக இன்னமும் எழுதித்தான் தருகிறார்கள். அவள் கையிலும் ஒரு ஊசிச் சீட்டு இருந்தது. அவள் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, ஊசி போடும்போது மூணு நாளைக்கு மாத்திரைய நிறுத்தணுமாமே?”

“யாரு சொன்னா?”

“எங்க மதினி சொன்னாக. இங்க முன்னாடி பண்ணைக்காரம்மான்னு ஒருத்தவுக வருவாகளாம். பெரிய விவரமானவுகளாம். டாக்டரையே கேள்வி கேப்பாகளாம். அவுக சொன்னதாம்.”

டாக்டர் திட்டியது யாருக்கும் ஞாபகம் இல்லை. மாரி படுத்துக் கிடந்தது ஞாபகம் இல்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவள் பேரோடு பெஞ்சு பெஞ்சாக இத்தனை வருசம் நடந்து இந்தப் பிள்ளையிடம் வந்திருந்தது.

“நீ நிறுத்திட்டியா?”

“இன்னைக்குக் காலையிலருந்துதான்.”

“மாத்திரை கையில இருக்கா?”

“பையில இருக்கு.”

நான் எழுந்தேன். எழுந்ததும் எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. “அந்தக்கா அப்பிடி யாருக்கும் சொல்லல. அத நிறுத்துனது நான். யாரையும் கேக்காம நானா நிறுத்துனேன். அந்தக்கா எனக்காகப் பழிய வாங்கிக்கிட்டாக. நீ எந்திரி தாயி.”

அந்தப் பெண் முழித்தாள். பெஞ்சு மொத்தமும் முழித்தது. மாரி என் முந்தானையைப் பிடித்தாள். என்னைத் தடுக்கத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். இன்றைக்குப் பேர் பதிகிற நாள், அம்மா, இன்றைக்குப் போய் இதைச் சொல்லணுமா என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னால் நின்றிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். அவள் பையிலிருந்து ஃபைலை உருவி என் கையில் கொடுத்தாள்.

எங்கள் டோக்கன் வருவதற்கு முன்னாலேயே மூன்று பேரும் பிள்ளையோடு உள்ளே போனோம். முதலில் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா மணியைப் பார்த்தார், பரவாயில்லை, இப்போதே கொடுங்கள் என்று தண்ணீர் வரவழைத்தார். அந்தப் பெண் கண்ணீரோடு மாத்திரையைக் கொடுத்து முடிக்கும்வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். பிறகு மாரியின் ஃபைலை மேஜைமேல் வைத்தேன்.

“இதுல ஒண்ணு எழுதணும் மேடம். நாலு வருசத்துக்கு முந்தினது.”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். “என்ன?”

“கொரானா ஊசி போட்டப்ப இவளுக்கு மாத்திரைய நிறுத்திட்டேன்.”

“யார் நிறுத்தச் சொன்னது?”

“யாரும் சொல்லல மேடம். நாந்தான்.”

“எத்தனை நாள்?”

“மூணு நாளு” என்றேன். மாரி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “ஆறு வேளை.”